ஆதரவு கேட்டது அவ்வளவு பெரிய குற்றமா?

இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். எந்த ஸ்கிரீன்ஷாட் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் வாட்ஸ்அப்பிலும் வந்து விழுந்திருக்கும். எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரி எங்கள் குடும்பக் குழுவிலும் ஒருவர் அதைப் போட்டுச் சிரிப்பு முகங்களை வரிசையாக அடுக்கியதும் பொறுக்க முடியவில்லை.

சிங்கப்பூரில் ஒரு கட்சியில் உழைக்கிற ஒரு பெண் எழுதிய செய்தி அது. அவர் என்ன எழுதியிருந்தார்? அடுத்த தேர்தலில் வேட்பாளராக நிற்க விரும்புகிறேன், என் வேலையைப் பார்த்த உறுப்பினர்கள் தலைமையிடம் எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள், என்னைத் தெரியாதவர்கள் கூப்பிடுங்கள், நேரில் வந்து பேசுகிறேன். இவ்வளவுதான். அதையும் தன் கட்சிக்காரர்கள் மட்டும் இருக்கிற குழுவில்தான் போட்டார். வெளியே கொண்டுவந்தது யாரோ ஒரு நல்லவர்.

அதற்கு வந்த பதில்கள் இருக்கிறதே! 'பதவி வெறி.' 'இப்பவே இப்படின்னா ஜெயிச்சா எப்படி?' 'தங்கச்சி, 13,500 வெள்ளி சேர்த்தாச்சா?' வேட்பாளர் கட்ட வேண்டிய வைப்புத்தொகை எவ்வளவு என்று தெரிந்து வைத்திருக்கிறார், பாராட்டலாம். எட்டில் ஒரு பங்கு ஓட்டு வாங்கினாலே அது திரும்பக் கிடைத்துவிடும் என்பதையும் தெரிந்து வைத்திருக்கலாம்.

கேட்டது தப்பா? வேட்பாளராக வேண்டும் என்று வாயைத் திறந்து கேட்டது தப்பா? எனக்குப் புரியவே இல்லை.

நம் ஊர் வழக்கம் எனக்கும் தெரியும். இங்கே யாரும் அரசியலுக்கு 'வருவதில்லை', எல்லாரையும் 'அழைக்கிறார்கள்'. ஆளுங்கட்சியில் தேநீர் சந்திப்பு, அப்புறம் இன்னொரு சந்திப்பு, நேர்காணல், கடைசியில் கட்சியை நடத்துகிற மத்திய செயற்குழு. செய்தியாளர் கூட்டத்தில் வந்து நிற்கும்போது, 'நான் எதிர்பார்க்கவே இல்லை, கேட்டதும் யோசித்தேன், குடும்பத்தோடு பேசினேன்' என்பார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் தலை குனிந்து நிற்கிற மாதிரி ஓர் அடக்கம். உள்ளே ஆசை இல்லாமலா இத்தனை வருஷம் வாராவாரம் எம்.பி. மக்களைச் சந்திக்கும் நிகழ்வில் வந்து உட்கார்ந்து, உதவி கேட்டு வருகிறவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள்? ஆசை இருக்கலாம், சொன்னால்தான் குற்றம்.

'கட்சிக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது, வரலாறு தெரியாமல் பேசாதே அக்கா' என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். வரலாறு தெரியும் தம்பி. 1957ல், இன்றைய ஆளுங்கட்சியான மக்கள் செயல் கட்சியின் மத்திய செயற்குழுவில் 12 இடங்களில் பாதியை இடதுசாரிகள் பிடித்தார்கள். அந்த பயத்தில்தான், தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் மட்டும் செயற்குழுவுக்கு ஓட்டுப் போடுகிற கேடர் முறையே வந்தது. யார் வேண்டுமானாலும் உறுப்பினர்களைத் திரட்டிக்கொண்டு வந்து கட்சியைத் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்கிற கவலையில் நியாயம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பெண் யாரைத் திரட்டினார்? ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றார். அவ்வளவு பெரிய கதையை இவர் தலையில் கட்டாதீர்கள். 2016ல் எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியில் தலைமைச் செயலாளர் பதவிக்கே போட்டி வந்தது. ஜெயித்தவருக்கு 61 ஓட்டு, தோற்றவருக்கு 45. கட்சி உடைந்தா போய்விட்டது? அடுத்த பொதுத்தேர்தலில், பல வேட்பாளர்கள் ஓர் அணியாக நிற்கிற குழுத்தொகுதிகளில் இன்னொன்றைப் பிடித்தார்கள்.

கனடாவில் நம் ஆட்கள் எப்படி வேட்பாளராகிறார்கள் என்று கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள். என் சித்தி மகள் ஸ்கார்பரோவில் இருக்கிறாள். அங்கே கட்சியின் வேட்பாளராக வேண்டுமென்றால் முதலில் தொகுதியில் வீடு வீடாகப் போய் ஆட்களைக் கட்சியில் சேர்க்க வேண்டும், உறுப்பினர்களுக்குப் போன் போட்டு, 'எனக்கு ஓட்டுப் போடுங்கள்' என்று கேட்க வேண்டும், ஒருநாள் கூட்டம் கூடி வாக்கெடுப்பு நடக்கும். 2011ல் ராதிகா சிற்சபைஈசன் அங்கிருந்துதான் கனடா நாடாளுமன்றத்துக்குப் போன முதல் தமிழர். அப்போது இங்கே நாமெல்லாம் பெருமையாகப் பகிர்ந்தோமே! கனடாவில் கேட்டால் வீரத் தமிழச்சி, சிங்கப்பூர் காலாங்கில் கேட்டால் பதவி வெறியா?

'அங்கே ஆளைப் பிடித்து உறுப்பினராக்கி ஏகப்பட்ட தில்லுமுல்லு' என்பீர்கள். நடக்கிறதுதான். சரி, மேலே போவோம்.

இன்னொன்று. குழுத்தொகுதி 1988ல் வந்ததிலிருந்து ஒவ்வோர் அணியிலும் சிறுபான்மையினர் ஒருவராவது இருக்க வேண்டும். அதற்குச் சான்றிதழ் வேண்டும், 'நான் இந்தியச் சமூகத்தைச் சேர்ந்தவர்' என்று அந்த வேட்பாளரே ஒரு குழுவுக்கு விண்ணப்பம் எழுதிக் கேட்க வேண்டும். சட்டமே கேள் என்கிறது! 2020ல் ஆளுங்கட்சி அறிமுகப்படுத்திய புதுமுகங்களில் ஓர் இந்தியர்கூட இல்லை என்று இதே முகநூலில் எவ்வளவு புலம்பினோம்? 'நம்ம பிள்ளைங்க முன்னுக்கு வர மாட்டேங்குது' என்று தேக்காவில் தே தாரிக் குடித்துக்கொண்டே எத்தனை அண்ணன்மார் வருத்தப்பட்டார்கள்? இப்போது ஒரு பிள்ளை முன்னுக்கு வந்தது. அதே அண்ணன்மார்தான் சிரிக்கிறார்கள்.

தொகுதி உலா என்றால் என்னவென்று இவர்களுக்குத் தெரியுமா? மின்தூக்கியில் மேல்மாடிக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொரு மாடியாகப் படியில் இறங்கி வரணும். கம்பிக்கதவுக்குப் பின்னால் ஒரு பாட்டி நிற்பார், டிவி சத்தத்தில் நாம் சொல்வது கேட்காது. பக்கத்து வீட்டில் நாய். அடுத்த வீட்டில் துண்டுப்பிரசுரத்தை வாங்கி, நம் கண்முன்னாலேயே செருப்பு அடுக்கின் மேல் போடுவார்கள். அந்தப் பெண் இதைத் தேர்தல் இல்லாத வருஷங்களிலும் செய்ததை நான் பார்த்திருக்கிறேன், எங்கள் புளோக்குக்கே வந்திருக்கிறார். வேர்த்து ஒழுகும் சட்டையோடு என் வீட்டு வாசலில் நின்று, தண்ணீர்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கீழ்மாடிக்குப் போனார். சிரிப்பு முகம் போட்டவர் எத்தனை மாடி இறங்கினார்?

ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். சொல்கிறேன். ஓர் அமைப்பில் நான் பல வருஷம் இருந்தேன். பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். பொங்கல் நிகழ்ச்சி என்றால் மண்டபம் பிடிப்பது, சாப்பாட்டுக்குச் சொல்வது, கடைசியில் நாற்காலி அடுக்குவது எல்லாம் நான்தான். செயலாளர் பதவி காலியானபோது, 'நான் நிற்கலாமா?' என்று ஒரு மூத்தவரிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: 'நீயா கேட்கக் கூடாதும்மா. ஆசைப்பட்ட மாதிரி தெரியும். தானா வரும்.' காத்திருந்தேன். அந்த வருஷம்தான் சேர்ந்த ஒரு தம்பிக்குத் தானாக வந்தது. அவர் கேட்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அவரை யாரும் பதவி வெறியன் என்று சொல்லவில்லை, துடிப்பான இளைஞர் என்றார்கள். அடுத்த பொங்கலுக்கும் நாற்காலி அடுக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

'எதற்கெடுத்தாலும் ஆண் பெண் என்று கிளம்பிவிடுவீர்கள்' என்று யாராவது இப்போது தட்டச்சு செய்துகொண்டிருப்பார். செய்யுங்கள்.

'ஜே.பி. ஜெயரத்னம் இப்படியா ஆதரவு கேட்டு அலைந்தார்?' என்று ஒருவர் எழுதியிருந்ததுதான் உச்சம். ஐயா, பாட்டாளிக் கட்சியை நடத்திய அவர் கேட்கக் கேட்கத் தோற்றவர். திரும்பத் திரும்ப நின்று, தோற்று, 1981 அக்டோபர் 31ல் ஆன்சன் இடைத்தேர்தலில்தான் ஜெயித்தார். வெட்கப்பட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் இன்றைக்கு நீங்கள் அவர் பெயரை உதாரணம் காட்ட முடியுமா?

காலையில் தனிச் செய்தியில் ஒருவர், 'அக்கா, நீங்களும் அந்தக் கட்சியில சேர்ந்துட்டீங்களா?' என்று கேட்டார். இல்லை. எந்தக் கட்சியிலும் இல்லை. அந்தப் பெண்ணுக்காகச் சிபாரிசு செய்ய எனக்கு அங்கே எந்த உரிமையும் கிடையாது. இருந்திருந்தால் அவர் சொன்னபடியே கூப்பிட்டு, இரண்டு கேள்வி கேட்டிருப்பேன். எம்.பி.க்கள் நடத்துகிற நகர மன்றத்தின் கணக்கு வழக்கை எப்போதாவது புரட்டிப் பார்த்திருக்கிறாயா? ஒருவேளை தோற்றுவிட்டால் அடுத்த வாரமும் எங்கள் புளோக்குக்கு வருவாயா? பதில் சரியில்லையென்றால் ஆதரவு தர மாட்டேன் என்று அவரிடமே சொல்லியிருப்பேன்.