தட்டை எடுத்து வைப்பது நல்ல குணமா, பயமா?

போன ஞாயிறு சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடியில் சாப்பிட்டு முடித்துத் தட்டோடு எழுந்தேன். தொடக்கநிலை 4 படிக்கும் மகள் கேட்டாள்: "அம்மா, ஃபைன் இல்லேன்னா இதை எடுத்து வைப்பீங்களா?"

உண்மையைச் சொன்னேன். முன்பெல்லாம் வைத்ததில்லை. துடைக்க ஆள் இருக்கிறார்களே என்று எழுந்து போய்விடுவேன். 2021 செப்டம்பர் 1 முதல் உணவங்காடிகளில் சாப்பிட்ட தட்டை நாமே எடுத்து வைக்கவேண்டும் என்ற விதி கடுமையானது. முதல் முறை எழுத்துமூல எச்சரிக்கை, இரண்டாம் முறை 300 வெள்ளி அபராதம். அதற்கப்புறம்தான் கை பழகியது. அப்படியானால் இதை நல்ல குணம் என்று சொல்லலாமா? ஒரு வாரமாக இதே யோசனைதான்.

ஜெர்மன் தத்துவ அறிஞர் கான்ட் 1785இல் எழுதிய அறநூலில் ஒரு கடைக்காரர் வருகிறார். விவரம் தெரியாத பிள்ளை வந்தாலும் அதே விலைதான் சொல்வார். நல்ல மனிதர்தானே? பொறுங்கள் என்கிறார் கான்ட். பெயர் கெட்டால் வியாபாரம் படுத்துவிடுமே என்றும் அவர் அப்படி நடக்கலாம். கடமை என்று உணர்ந்து செய்தால்தான் அந்த நேர்மைக்கு அற மதிப்பு.

எனக்கு உடனே புறநானூற்றின் 134ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. இங்கே கொடுத்தால் மறுமையில் கிடைக்கும் என்று கணக்குப் பார்த்துக் கொடுக்கிற "அறவிலை வணிகன்" அல்லன் வள்ளல் ஆய் என்று பாடுகிறார் புலவர் முடமோசியார். என்ன ஒரு சொல்! அறத்தைத் தராசில் வைத்து விற்கிறவன். சான்றோர் போன வழி இது என்பதற்காகவே ஆய் கொடுக்கிறானாம்.

ஆனால் அன்றைக்குப் பக்கத்து மேசையைத் துடைத்த மக்சிக்கை (மலாய்க்கார அம்மாவை) பார்த்தபோது மனம் வேறு பக்கம் சாய்ந்தது. எழுபது வயதுக்குக் குறையாது. மணிக்கட்டில் வலிக்குக் கட்டும் பட்டை. மேசையில் காய்ந்து ஒட்டியிருந்த பிரியாணிச் சோற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் பயந்து எடுத்தேனா, உணர்ந்து எடுத்தேனா என்பது அவருக்கு எதற்கு? ஒரு தட்டு குறைந்தால் அந்தக் கைக்கு அவ்வளவு பாரம் குறைவு. தண்ணீரில் மூழ்குகிறவரைக் கூலிக்காகக் காப்பாற்றினாலும் செய்தது சரியான செயல்தான் என்று ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் சொன்னதன் நியாயம் எனக்கு அங்கேதான் புரிந்தது.

அதனால் "அபராதத்துக்குப் பயந்து செய்வதெல்லாம் ஒரு குணமா" என்று நம்மவர்கள் தள்ளிவிடுவதை நான் ஏற்கமாட்டேன். யாழை வாசித்து வாசித்துத்தான் யாழ்க் கலைஞர் ஆகிறார். நீதியானதைச் செய்து செய்துதான் நீதியானவர் ஆகிறோம் என்றார் அரிஸ்டாட்டில். தொடக்கம் பயமாக இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் பிள்ளைகளுக்கு 300 வெள்ளியை மட்டும் சொல்லி வளர்த்தால் அது அங்கேயே நின்றுவிடும். அந்த மணிக்கட்டையும் காட்டவேண்டும். நான் இத்தனை நாள் காட்டவில்லை.

நேற்று எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூர் பாரு போயிருந்தோம். சாப்பிட்ட கடையில் தட்டை நாம் எடுத்து வைக்கவேண்டியதில்லை. என்னையறியாமல் தட்டுகளை அடுக்கிவிட்டு, சிந்திய சாம்பாரை டிஷ்யூவால் துடைத்துக்கொண்டிருந்தேன். "வைங்கக்கா, நாங்க பார்த்துக்கறோம்" என்றார் கடைத் தம்பி. மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெறும் பழக்கமா, அக்கறையா என்று அவள் கேட்டிருந்தால் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரிந்திருக்காது. துடைக்கும்போது அந்த மக்சிக்கின் கைதான் நினைவில் இருந்தது.