வேட்ராய்டுக்கு நெஸ்டட் விர்ச்சுவலைசேஷன் தேவையில்லை
விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மெய்நிகர் கணினியில் போட்ட உபுண்டுவில், லினக்ஸில் ஆண்ட்ராய்டு ஆப்களை ஓட்டும் வேட்ராய்டு ஓடவே ஓடாது, நெஸ்டட் விர்ச்சுவலைசேஷன் (மெய்நிகர் கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை ஓட்டும் வசதி) கட்டாயம் என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். அது ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ எமுலேட்டரின் கதை. கேவிஎம் (லினக்ஸ் கெர்னலின் விர்ச்சுவலைசேஷன் வசதி) இல்லாவிட்டால் அது ஊர்ந்துதான் போகும். வேட்ராய்டு எல்எக்ஸ்சி கன்டெய்னர் என்ற தனித் தடுப்புக்குள், உபுண்டுவின் அதே லினக்ஸ் கெர்னலில் ஓடுவது; இன்னொரு மெய்நிகர் கணினி அதற்கு வேண்டாம். பைண்டர் (ஆண்ட்ராய்டின் பகுதிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வழி) ஆதரவுள்ள கெர்னலும் வேலண்ட் (லினக்ஸின் திரைக்காட்சி முறை) செஷனும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கறுப்புத் திரை வந்தால் பெரும்பாலும் கிராபிக்ஸ்தான் காரணம். வேட்ராய்டின் கான்ஃபிக் கோப்பில், ப்ராப்பர்ட்டீஸ் பகுதியில், கிராலாக்கை (கிராபிக்ஸ் நினைவகத்தை ஒதுக்கும் பகுதி) டிஃபால்ட் என்றும், ஈஜிஎல்லை (படம் வரையும் இடைமுகம்) ஸ்விஃப்ட்ஷேடர் (சிபியுவிலேயே படம் வரையும் மென்பொருள்) என்றும் மாற்றுங்கள். அப்புறம் ஆஃப்லைன் ஆப்ஷனுடன் அப்கிரேட் கட்டளையைக் கொடுக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். கோப்பைச் சேமித்தால் மட்டும் போதாது, இந்தக் கட்டளை கொடுத்தால்தான் மாற்றம் நடைமுறைக்கு வரும். படம் வரையும் வேலை முழுக்க சிபியு தலையில் விழுவதால் மெதுவாகத்தான் இருக்கும், கேமெல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.