"ஓரமா போ" என்று சொல்லி அனுப்பாதீர்கள்

பிள்ளைகள் சைக்கிளை எடுத்தாலே எல்லா வீட்டிலும் சொல்வது இதுதான்: "ஓரமா போ." அக்கறையில்தான் சொல்கிறோம். ஆனால் அந்த ஓரம் எப்படி இருக்கிறது என்று குனிந்து பார்த்திருக்கிறோமா?

மணல், ஜல்லி, பாதி மூடிய சாக்கடை ஸ்லாப். பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதில், தாருக்கும் மண்ணுக்கும் நடுவே பல இடங்களில் ஒரு சாண் பள்ளம். பின்னால் பஸ் ஹாரனைக் கேட்டு மிரண்டு மண்ணில் இறங்குகிற பையன், திரும்ப ஏறும்போது முன்சக்கரம் அந்த விளிம்பை ஒட்டியே உரசிக்கொண்டு போகும், ஏறாது. உடம்பு மட்டும் ரோட்டுப் பக்கம் சாயும். விழுவது வண்டிகள் வரும் பக்கம்தான். அப்புறம் "தானா விழுந்துட்டான்" என்பார்கள்.

என் கட்சி இதுதான்: விளிம்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி, வளையாமல் நேராக ஓட்ட வேண்டும். ஒட்டிப் போனால், கிடைக்கிற சந்தில் நுழைந்துவிடலாம் என்று பின்னால் வருபவருக்குத் தோன்றும். தள்ளிப் போனால் ஸ்டியரிங்கைத் திருப்பித்தான் முந்த வேண்டும். ஹாரன் அடிப்பார். அடிக்கட்டுமே, அடிக்கிறவர் நம்மைப் பார்த்துவிட்டார் என்றுதானே அர்த்தம்! நாலுவழிச் சாலைக்கு இது பொருந்தாது. அங்கே சர்வீஸ் ரோடுதான். எதிர்த்திசையில் ஓட்டுவதும் வேண்டாம், வலப்பக்கம் வண்டிகளைப் பார்த்தபடி போவது நடப்பவர்களுக்கான வழி.

சிக்னலில் லாரி, பஸ்ஸின் இடப்பக்கம் நுழைந்து முன்னால் போய் நிற்கும் பழக்கம் ரொம்ப மோசம். டிரைவர் வலப்பக்கம் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். கேபினை ஒட்டி இடப்பக்கம் நிற்கிற ஆள் அவர் கண்ணில் படாமலே போகலாம். வண்டி இடப்பக்கம் திரும்பினால் பின்சக்கரம் முன்சக்கரம் போன வழியில் போகாது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். பேசாமல் பின்னாலேயே நிற்கலாம்.

இருட்டு அடுத்த பிரச்சினை. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடக்கிறது. டிம் லைட்டில் கறுப்புச் சட்டைக்காரர் 30 மீட்டரில் தெரிந்தால், டிரைவருக்கு இரண்டு நொடிகூட இல்லை. ஒரு காலத்தில் விளக்கில்லாத சைக்கிளைப் போலீஸ் பிடிக்கும்; சக்கரத்தில் உரசி விளக்கை எரிக்கும் டைனமோ இருந்தது. இப்போது ஞாயிறு காலை சென்னை ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பொழுதுபோக்காக ஓட்டுகிறவர்களிடம் ஹெல்மெட், மினுக்கும் சிவப்பு விளக்கு எல்லாம் இருக்கிறது. நைட் டியூட்டிக்குப் போகும் வாட்ச்மேனிடமும், ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வரும் பிளஸ் ஒன் மாணவியிடமும் எதுவும் இல்லை. அரசு கொடுக்கும் சைக்கிள்களில் நான் பார்த்தவற்றில் கூடை உண்டு, விளக்கு இல்லை. ஹெல்மெட் நல்லதுதான், ஆனால் அது விழுந்த பிறகு உதவுவது. பின்விளக்கு இடிபடாமலே காப்பாற்றும். அந்தக் கூடையோடு ஒரு பின்விளக்கையும் அரசு சேர்த்துக் கொடுக்கலாம்.

காரில் போகிறவர்களுக்கும் ஒன்று. ஓரமாக நிறுத்தியதும் டிரைவர் கதவை இடது கையால் திறந்து பாருங்கள். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் படும். பின்சீட்டுக் குழந்தைகளுக்கு வலப்பக்கக் கதவில் சைல்டு லாக் போட்டுவிடுங்கள். இடப்பக்கமாக இறங்கட்டும்.