ஓடிப்போகும் பிள்ளைகளின் கதையை நானுஓயாவில் ரயிலேற்றுங்கள்

வீட்டை விட்டு ஓடிவந்த பிள்ளைகள் ஒன்றுசேர்ந்து ஊர் ஊராகப் போகும் தொலைக்காட்சிப் படம் என்றால், எந்த வேலையையும் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவேன். தியேட்டருக்கு வரும் பெரிய படங்களில் கிடைக்காத ஒன்று அவற்றில் இருக்கிறது. கையில் காசு குறைவு என்பதால் பெரிய சண்டை, பெரிய விபத்து எதையும் எடுக்க முடியாது. கமெரா பிள்ளைகளின் முகத்திலேயே நிற்கும். பாணைப் பிய்க்கும்போது பெரிய துண்டு யாருக்குப் போகிறது, ராத்திரி யார் விழித்திருந்து மற்றவர்களைப் பார்த்துக்கொள்கிறார்கள், இதெல்லாம்தான் கதை.

1970களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இப்படியான படங்கள் வந்தன. வீட்டை விட்டு ஓடும் பிள்ளைகள் அங்கே அப்போது பெரிய கவலை. 1974இல் அவர்களுக்காகவே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். என் கோபமெல்லாம் இந்தக் கதைகளின் வழக்கமான முடிவில்தான். பொலிஸ் வரும், அம்மா கட்டிப்பிடிப்பார், பாட்டு வரும். பிள்ளை ஏன் ஓடியது என்ற கேள்வியை அந்தப் பாட்டு விழுங்கிவிடும்.

இலங்கையின் மலையகத்தில், நம் தேயிலைத் தோட்டப் பக்கம் எடுத்தால் அப்படி முடிக்க முடியாது. இங்கே ஓடிப்போவதும் அனுப்பிவைக்கப்படுவதும் பக்கத்துப் பக்கத்து லய வீடுகள் மாதிரி. கொழும்பில் கடையில் நிற்கலாம் என்று பள்ளிக்கூடத்தை விட்டுக் கிளம்பும் பையன்கள் உண்டு. ‘நல்ல வீடும்மா, படிக்கவும் வைப்பாங்க’ என்று தரகர் சொன்னதை நம்பி அனுப்பப்படும் பெண் பிள்ளைகளும் உண்டு. வேலைக்குச் சேர்ப்பதற்கான குறைந்த வயதை 14இலிருந்து 16ஆக உயர்த்தியதே 2021இல்தான். அதே வருடம், கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்த மலையகச் சிறுமி தீக்காயங்களோடு இறந்துபோனாள். நம் நகரங்களில் ரோட்டில் இறங்கிக் கேள்வி கேட்டோம். ஆனால் அந்த வீட்டுக்குப் போகும் வழியை யாரும் படமாக்கி நான் பார்க்கவில்லை.

வழியோ படத்துக்கென்றே போட்டது மாதிரி இருக்கிறது. நானுஓயாவில் கொழும்பு ரயிலில் மூன்று பையன்கள் ஏறட்டும். பக்கத்து சீட்காரர் சிங்களத்தில் ‘எங்கே போறீங்க’ என்று கேட்பார். பதில் சொல்லத் தெரிந்தவன் மூவரில் சின்னவன் என்று வையுங்கள், அந்த நொடியில் அவன்தான் தலைவன். கொட்டகலை தாண்டியதும் சிங்கமலைச் சுரங்கம். விளம்பரத்துக்கு முன் ஒரு பயத்தை வைக்க அந்த இருட்டு போதும். றம்புக்கனைக்கு மேலே ஒற்றைத் தண்டவாளம்தான். எதிர் ரயில் வரும்வரை ஏதாவது ஸ்டேஷனில் நின்றே ஆக வேண்டும். சரி, வட்டவளையில் நிற்கட்டும். மேலே ஏறிவரும் ரயிலில், கொழும்பு வீட்டிலிருந்து தப்பித்து வரும் ஒரு பிள்ளை ஜன்னலோரம் இருக்கிறாள். இரண்டு ஜன்னலும் நேருக்கு நேர். கொடி காட்டும்வரை கிடைக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் என்ன சொல்வாள், பையன்கள் இறங்குவார்களா? படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளே நடிக்கட்டும், அவர்கள் வீட்டில் பேசுகிற தமிழிலேயே பேசட்டும். மாலை முழுக்க இந்தியத் தொடர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு அது முதலில் விசித்திரமாகக் கேட்கும், பரவாயில்லை. சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற உதவித் தொலைபேசி இலக்கத்தைக் கடைசியில் எழுத்தாகப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். அந்தப் பிள்ளை யாரிடமாவது போன் கேட்டு அதை அழைக்கும் காட்சி வேண்டும். யூடியூபுக்கு எடுத்தாலும் சரிதான். ஹட்டன் பக்கம் யாராவது தொடங்கினால் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.