'ஒரே நாளில் பதிவான ஆல்பம்' என்பது முழு உண்மையன்று

இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழுவின் முதல் ஆல்பமான 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ'யின் 14 பாடல்களும் 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பதிவாயின என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அன்று லண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் காலை முதல் இரவு வரை பாடி வாசித்தவற்றுள் ஆல்பத்தில் இடம்பெற்றவை 10 பாடல்கள்தாம். மற்ற நான்கும் 1962ஆம் ஆண்டிலேயே பதிவாகி, இரண்டு தனி இசைத்தட்டுகளின் இருபுறங்களிலும் வெளிவந்துவிட்டவை.

அந்த நான்கில் ஒன்றான 'லவ் மீ டூ' பாடலைச் சற்றுக் கூர்ந்து கேளுங்கள். ஆல்பத்தில் உள்ள வடிவம் 1962 செப்டம்பர் 11 அன்று பதிவானது; அதில் டிரம்ஸ் வாசித்தவர் குழுவின் டிரம்ஸ் கலைஞரான ரிங்கோ ஸ்டார் அல்லர், அந்தப் பதிவுக்கென அழைக்கப்பட்ட ஆண்டி ஒயிட். ரிங்கோவின் கையில் இருந்தது டாம்பரின் என்னும் சலங்கை கோத்த கைப்பறை மட்டுமே, அதன் கலகலப்பு பாடல் நெடுகிலும் தெளிவாகக் கேட்கிறது. மேலும், 'மிசரி' பாடலின் பியானோவைத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் 1963 பிப்ரவரி 20 அன்றுதான் வாசித்துச் சேர்த்தார்.

இதனால் பிப்ரவரி 11ஆம் நாளின் பெருமை சிறிதும் குறைந்துவிடாது. சளியால் அவதிப்பட்ட குழுவின் பாடகர் ஜான் லெனன், நாள் முழுவதும் பாடிய பிறகு, கடைசியாக 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' பாடலைப் பாடினார். முதல் முறை பாடியதே ஆல்பத்தில் இருக்கிறது, இரண்டாம் முறைக்குத் தொண்டை ஒத்துழைக்கவில்லை.