நம்பிக்கைக்கு ஒரு பயிலரங்கமாம்!

ஒரு மேனேஜர் தன் குழுவில் இருக்கும் பெண்ணை எல்லோர் முன்னாலும் திட்டிய நேற்றைய ஆபீஸ் வீடியோ மீட்டிங்கைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். நானும் சொல்லாவிட்டால் தூக்கம் வராது.

அந்தப் பெண் செய்தது என்ன? கணக்கில் ஒரு பிழை இருக்கிறது என்று, வேறு யாரும் கண்டுபிடிக்கும் முன்பே தானாக வந்து சொன்னார். கிடைத்த பரிசு, அத்தனை பேர் முன்னால் "இதைக்கூடப் பார்க்கத் தெரியாதா?" அப்புறம் இன்று காலை அறிவிப்பு வருகிறது: 'நம்பிக்கையை வளர்ப்போம்' பயிலரங்கம். வருகைப்பதிவு கட்டாயம். ரொம்ப நல்லது.

ஐயா, நம்பிக்கை பயிலரங்கத்தில் வளராது. கெட்ட செய்தியோடு ஒருவர் உங்கள் முன் வந்து நிற்கும்போது உங்கள் முகம் எப்படி மாறுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இனி அந்தக் குழுவில் எவராவது வாயைத் திறப்பார்களா? நிர்வாகவியல் ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கிய குழுக்களில்தான் மருந்து கொடுப்பதில் நேர்ந்த தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே தவறு அதிகம் நடந்தது என்பதல்ல, பயப்படாமல் சொல்ல முடிந்தது என்பதுதான் அவர் கண்ட விளக்கம்.

"அந்த மேனேஜர் நல்ல மனுஷன், டென்ஷனில் பேசிவிட்டார்" என்கிறார்கள். சரி. மேலிடத்து ஆட்கள் முன்னால் மட்டும் அந்த டென்ஷன் ஏன் வருவதே இல்லை?

1979இல் இஸ்ரோவின் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கடலில் விழுந்தபோது பத்திரிகையாளர்கள் முன் பொறுப்பேற்றுப் பேசியவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980இல் வெற்றி பெற்றபோது, "நீங்கள் பேசுங்கள்" என்று அந்தத் திட்டத்தின் இயக்குநராக இருந்த அப்துல் கலாமை அனுப்பினார். கலாமே பலமுறை சொன்னது இது. நம் மேனேஜர்கள் எல்லோரும் இதை ஃபார்வர்ட் செய்திருப்பார்கள். செய்வது மட்டும் தலைகீழ்.

ராக்கெட்டை விடுங்கள். நான் கேட்பது சின்ன விஷயம். கேட்டுச் சொல்கிறேன் என்றால் கேட்டுச் சொல்லுங்கள். முடியாது என்றால் முடியாது என்றாவது சொல்லுங்கள். நான் எழுதிய அறிக்கையை மேலே அனுப்பும்போது அதிலிருந்து என் பெயரை நீக்கிவிடாதீர்கள். அம்மாவுக்கு ஆபரேஷன் என்று ஒருமுறை என் மேனேஜரிடம் விடுப்பு கேட்டேன். என்ன ஆச்சு என்றுகூடக் கேட்கவில்லை. "லேப்டாப் எடுத்துட்டுப் போவீங்கல்ல?" எடுத்துக்கொண்டுதான் போனேன். ஆனால் அதன் பிறகு அந்த மனிதர் 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்று எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அந்த லேப்டாப்தான் நினைவுக்கு வந்தது.

கண்டிப்பு இல்லாமல் வேலை நடக்குமா என்று கேட்பீர்கள். என் முதல் அதிகாரி அப்படியொரு கண்டிப்பு. ஆனால் திட்டுவதெல்லாம் அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு. வெளியே எங்களை யாராவது ஒரு வார்த்தை சொன்னால் விடமாட்டார். அவருக்காக, அவர் கேட்காமலே ராத்திரி உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறோம்.

"பிடிக்காவிட்டால் வேலையை விட வேண்டியதுதானே" என்று இப்போது ஒரு கூட்டம் வரும். விட்டுவிட்டுத்தானே போய்க்கொண்டிருக்கிறார்கள்? அதற்கும் 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விசுவாசமே இல்லை' என்று நீங்கள்தானே புலம்புகிறீர்கள்?