ஓடி முடித்த குதிரை எங்கே போகும்?

போன சனிக்கிழமை திருகோணமலை டவுனில் ஒரு புக்கிக்கு, அதாவது ரேஸுக்குக் காசு கட்டும் கடைக்கு, முன்னால் நின்றுகொண்டிருந்தேன். ரேஸ் கட்டுவதற்கு இல்லை, உள்ளே இருந்த நண்பர் வெளியே வரட்டும் என்று. டிவியில் இங்கிலாந்து ரேஸ் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது தெரிந்த அண்ணன் ஒருவர், கையில் மடித்த ரேஸ் பேப்பரோடு வந்து பக்கத்தில் நின்றார். "தம்பி, நீ குதிரையோட வேலை செய்தனி எல்லோ. ஓடி முடிஞ்சாப் பிறகு இந்தக் குதிரைகளை என்ன செய்வாங்கள்?" என்று கேட்டார்.

இருபது வருடத்துக்கு மேலாகக் குதிரைப் பெயர்களில் காசு கட்டுகிறவர் அவர். எந்தக் குதிரை ஈரத் தரையில் நன்றாக ஓடும், எந்த ஜொக்கி கடைசி வளைவில் தூக்கிக்கொண்டு வருவான் என்று எல்லாம் மனப்பாடம். இந்தக் கேள்வி மட்டும் அன்றைக்குத்தான் அவருக்கு வந்திருக்கிறது. அவர் விரும்பிக் கட்டும் குதிரை இனி ஓடாது என்று பேப்பரில் போட்டிருந்ததாம். வீதியில் நின்று சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் 2007இல் ஒரு வளைகுடா நாட்டுக்குப் போய் ஏழு வருடம் ஒரு குதிரை இனவிருத்திப் பண்ணையில் வேலை செய்தேன். எங்களை அங்கே சாயிஸ் என்பார்கள். லாயம் கூட்டுவது, தீன் வைப்பது, குளிப்பாட்டுவது, குளம்பு துப்புரவாக்குவது, நடத்திக்கொண்டு போவது எல்லாம் எங்கள் வேலை. அங்கே இருந்தவை தரோபிரெட் குதிரைகள், அதாவது ரேஸுக்கென்றே வளர்த்தெடுத்த இனம். என்னோடு வேலை செய்த சூடான்காரர் ஒருவர் அடிக்கடி பெருமையாகச் சொல்லுவார், இந்த இனத்தின் ஆண்வழியைப் பின்னால் தேடிக்கொண்டு போனால் மூன்றே மூன்று ஆண் குதிரைகளில்தான் போய் நிற்கும் என்று. அவர் சொன்னது உண்மை. அதில் ஒன்று 1704இல் சிரியாவின் அலெப்போவில் இருந்து இங்கிலாந்துக்குப் போன டார்லி அரேபியன். இன்று ரேஸ் ஓடும் ஆண் குதிரைகளில் மிகப் பெரும்பாலானவை அதன் வம்சம்.

சரி, அண்ணனின் கேள்விக்கு வருகிறேன். நன்றாக ஓடிய ஆண் குதிரைக்கு இரண்டாவது வாழ்க்கை ஒன்று இருக்கிறது. அது பொலிக்குதிரை ஆகிறது, அதாவது பெட்டைகளோடு சேர்த்துக் குட்டி எடுக்க வைத்திருக்கும் ஆண் குதிரை. பணம் முழுக்க அங்கேதான். ஃபிராங்கல் என்ற இங்கிலாந்துக் குதிரை 14 ரேஸ் ஓடி 14ஐயும் வென்றது. 2012இல், நான்கு வயதிலேயே, ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள். முதல் பருவத்தில் ஒரு பெட்டையோடு சேர்க்கக் கட்டணம் 125,000 பவுண். 2024இல் அது 350,000 பவுண். கனடாவில் பிறந்த நோர்தர்ன் டான்சர் இன்னும் விசித்திரம். ஒரு வயதுக் குட்டியாக 25,000 டொலருக்குக் கொடுக்கப் பார்த்தார்கள், உருவம் சிறிது என்று யாரும் வாங்கவில்லை. 1964இல் அதே குதிரை அமெரிக்காவின் பெயர்பெற்ற ரேஸான கென்டக்கி டேர்பியை வென்றது. 1980களில் அதோடு ஒரு பெட்டையைச் சேர்க்கப் பத்து லட்சம் டொலர் வரைக்கும் கொடுத்தார்கள், குட்டி பிறக்கும் என்ற உத்தரவாதம்கூட இல்லாமல்.

இதனால்தான் நல்ல குதிரைகள் மூன்று, நான்கு வயதிலேயே மைதானத்தை விட்டுப் போகின்றன. ஓடித் தோற்றால் பெயர் கெடும், கால் முறிந்தால் எல்லாம் போகும். நலமடித்த, அதாவது விதை நீக்கிய, குதிரைக்கு இந்தக் கணக்கு இல்லை. ஜோன் ஹென்றி என்று அமெரிக்காவில் ஒரு குதிரை. குட்டியில் 1,100 டொலருக்கு விலைபோனது, நலமடித்தார்கள், ஒன்பது வயதிலும் ஓடி வென்றுகொண்டிருந்தது. சனங்கள் அதை ஆண்டுக்கணக்கில் பார்த்து ரசித்தார்கள். என்னைக் கேட்டால் ரேஸ் என்பது அப்படித்தான் இருக்க வேண்டும். இன்றைக்கு மேல்மட்டத்தில் ரேஸ், பொலிக்குதிரைக்கான விளம்பரமாகிவிட்டது.

சேர்க்கை எப்படி நடக்கிறது என்று பலருக்குத் தெரியாது. நம் ஊரில் மாட்டுக்கு மிருக வைத்தியர் வந்து ஊசி போட்டுவிட்டுப் போவார். தரோபிரெட்டில் அது கூடாது. செயற்கைமுறையில் பிறந்த குட்டியை எந்த நாட்டு இனப் பதிவேட்டிலும் சேர்க்கமாட்டார்கள், அதனால் ரேஸும் ஓட முடியாது. நேரடிச் சேர்க்கை மட்டும்தான். பெட்டையின் வாலைத் துணி சுற்றிக் கட்டுவோம். உதைத்தால் ஆண் குதிரைக்குப் படாமல் இருக்கப் பின்னங்கால் இரண்டிலும் மெத்தைச் சப்பாத்து மாட்டுவோம். கடிபடாமல் கழுத்துக்குத் தோல் போர்வை. ஐந்தாறு பேர் சுற்றி நிற்போம். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம், முடிந்துவிடும். ஆண் குதிரையின் வால் மேலும் கீழும் அசைவதைப் பார்த்துப் "போதும்" என்று ஒருவர் சொல்லுவார். நேரத்தைக் கொப்பியில் எழுதுவார்கள். இரண்டு கிழமை கழித்து வைத்தியர் ஸ்கேன் பண்ணிப் பார்ப்பார். பதினொரு மாதம் கழித்துக் குட்டி விழுந்து, எழுந்து நின்று, பால் குடித்தால்தான் பல ஒப்பந்தங்களில் கட்டணம் சேரும். பிறகு டிஎன்ஏ பரிசோதனை, கழுத்தில் மைக்ரோசிப், கடவுச்சீட்டு. பூமத்திய ரேகைக்கு வடக்கே உள்ள நாடுகளில் எல்லாக் குட்டிக்கும் ஜனவரி 1தான் பிறந்தநாள் என்று கணக்கு. ஆண்டுத் தொடக்கத்திலேயே பிறந்த குட்டிக்கு, ஒரே வயதுக் கணக்கில் ஓடும்போது வளர்ச்சி கூட. அதனால் மார்கழி மாதமே பெட்டைகளின் லாயத்தில் இரவிலும் லைட் எரியும், பகல் நீண்டுவிட்டது என்று நம்பி அவை சீக்கிரம் பருவத்துக்கு வரட்டும் என்று.

அவ்வளவு நுணுக்கமான கணக்கு. என் பேச்சு முழுக்க இந்தக் கணக்கைப் பற்றித்தான்.

எங்கள் பண்ணையில் ஒரு குதிரை இருந்தது. நாங்கள் அதைப் "பெரியவர்" என்று கூப்பிடுவோம். அதன் வேலை பெட்டை பருவத்துக்கு வந்துவிட்டதா என்று பார்ப்பது. விலை உயர்ந்த பொலிக்குதிரையை அதற்கு விடமாட்டார்கள், உதை பட்டால் என்னாவது? மெத்தை அடித்த பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் பெரியவரைக் கொண்டுவந்து நிறுத்துவேன். அந்தப் பக்கம் பெட்டை. பெரியவர் மூக்கை நீட்டி மெல்லக் கனைப்பார். பெட்டைக்குப் பருவம் இல்லையென்றால் காதை மடித்துக்கொண்டு கத்தும், பலகையில் படார் என்று உதைக்கும். பருவமென்றால் சாந்தமாக நின்று வாலை ஒதுக்கும். ஒதுக்கிய உடனே எனக்குச் சைகை வரும். நான் பெரியவரின் கயிற்றைப் பிடித்துத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். வரமாட்டார். நான்கு காலையும் மணலில் ஊன்றிக்கொண்டு நிற்பார், உடம்பு முழுக்க வியர்த்து நடுங்கும். கழுத்தில் கையை வைத்துத் தமிழில் ஏதேதோ சொல்லிக்கொண்டு நடத்திக்கொண்டு போவேன். ஒரு காலையில் ஆறு ஏழு தடவை இப்படி. லாயத்துக்குப் போனதும் என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். அவருடைய மூச்சுச் சூடு இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பெரியவரும் ஒரு காலத்தில் ரேஸ் ஓடியவர்தான். ஒன்றும் வெல்லவில்லை. 2011இல் லீவில் ஊருக்கு வந்து திரும்பிப் போனேன், அந்த லாயத்தில் வேறு குதிரை நின்றது. எங்கே என்று கேட்டேன். கொடுத்துவிட்டோம் என்றார்கள். யாரிடம்? கொப்பியில் பார்த்தேன், பெட்டைகளின் பக்கங்களில் மணி, நிமிடம் எல்லாம் எழுதியிருந்தது. பெரியவர் போன திகதிகூட எழுதவில்லை.

பெயரெடுக்காத குதிரைக்குத்தான் இந்தக் கதி என்று நினைக்காதீர்கள். ஃபெர்டினன்ட் என்ற குதிரை 1986இல் கென்டக்கி டேர்பியை வென்றது. மேலே இருந்த ஜொக்கி பில் ஷூமேக்கருக்கு 54 வயது, அந்த ரேஸை வென்றவர்களில் இன்றுவரை மிக மூத்தவர் அவர்தான். அடுத்த ஆண்டு ஃபெர்டினன்ட் அமெரிக்காவின் சிறந்த குதிரை. பொலிக்குதிரையாக விட்டார்கள், குட்டிகள் எடுபடவில்லை. 1994இல் ஜப்பானுக்கு விற்றார்கள். அங்கேயும் பெட்டைகள் வருவது குறைந்தது. 2003இல் ஒரு செய்தியாளர் தேடிப் போனபோதுதான் தெரிந்தது, அதை முந்தின ஆண்டே இறைச்சிக்கு வெட்டியிருக்கிறார்கள் என்று. லட்சக்கணக்கானவர்கள் எழுந்து நின்று கைதட்டிய குதிரை.

ஜப்பான்காரரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அமெரிக்கப் பண்ணைக்காரர்கள் வேண்டாம் என்ற சண்டே சைலன்ஸ் என்ற குதிரையை வாங்கி வளர்த்தவர்களும் அவர்கள்தான். அது 1995 முதல் 2007 வரை தொடர்ந்து 13 ஆண்டு ஜப்பானின் முதலிடத் தகப்பன் குதிரையாக இருந்தது. அது 2002இல் இறந்ததும் அதன் இடத்துக்கு வார் எம்பளம் என்ற டேர்பி வெற்றிக்குதிரையை 17 மில்லியன் டொலருக்கு வாங்கினார்கள். கொண்டுபோய் நிறுத்தினால் அதற்குப் பெட்டைகள் மேல் நாட்டமே இல்லை. எத்தனையோ வைத்தியம் பார்த்தும் வருடக்கணக்கில் சொற்பக் குட்டிகள்தான். ஆனால் அதைக் கைவிடவில்லை. 2015இல் அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினார்கள். ஃபெர்டினன்டின் சாவுக்குப் பிறகு கென்டக்கியில் பெயர் பெற்று வளர்ந்த ஓல்ட் ஃபிரென்ட்ஸ் என்ற முதியோர் பண்ணையில் 2020 வரை புல் மேய்ந்துகொண்டு இருந்தது. 16 ரேஸ் தொடர்ந்து வென்ற சிகார் என்ற அமெரிக்கக் குதிரையும் அப்படித்தான். ஒரு பெட்டையும் சினைப்படவில்லை, காப்புறுதி நிறுவனம் பணம் கொடுத்தது, குதிரையைக் கென்டக்கிக் குதிரைப் பூங்காவில் வைத்து 2014 வரை பராமரித்தார்கள். மனது வைத்தால் முடிகிறது. அது யாரோ ஒருவரின் நல்ல மனதில் தொங்கிக்கொண்டிருப்பதுதான் என் பிரச்சினை.

நான் கேட்பது இதுதான். விந்து எந்தப் பெட்டைக்குப் போனது, எந்த நிமிடம் போனது, எந்தக் குட்டி பிறந்தது என்று டிஎன்ஏ வரைக்கும் கணக்கு வைத்திருக்கிற ஆட்களுக்கு, அந்தக் குதிரை கடைசியில் எங்கே போனது என்று கணக்கு வைக்கத் தெரியாதா? குட்டியைப் பதியாமல் ரேஸ் ஓட முடியாது. அப்படியென்றால் பதிவுப் பணத்தோடு அந்தக் குட்டியின் முதுமைக்கும் ஒரு தொகை கட்டினால்தான் பதிவு என்று வையுங்கள். ஒவ்வொரு சேர்க்கைக் கட்டணத்திலும் ஒரு பங்கை எடுங்கள். பொலிக்குதிரைக்கு மட்டும் இல்லை, நலமடித்ததற்கும், இருபது வயதில் சினைப்படாமல் போன பெட்டைக்கும், பெரியவர் மாதிரி தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றதற்கும் அதில் உரிமை இருக்க வேண்டும். கை மாறும் ஒவ்வொரு தடவையும் மைக்ரோசிப் இலக்கத்தோடு எழுத வேண்டும், கடைசி உரிமையாளர் வரைக்கும். அமெரிக்காவில் 2012 முதல் இதற்கென்று ஒரு அமைப்பு பணம் சேர்த்துக் குதிரைகளைப் பராமரிக்கும் இடங்களுக்குக் கொடுக்கிறது. நல்ல தொடக்கம். குதிரைகளோ கப்பலிலும் விமானத்திலும் நாடு நாடாகப் போகின்றன, பாதுகாப்பு மட்டும் ஒரு நாட்டு எல்லையோடு நின்றுவிடுகிறது.

சேர்க்கை எண்ணிக்கைக்கும் ஒரு எல்லை வேண்டும். முன்பு ஒரு பொலிக்குதிரைக்குப் பருவத்துக்கு நாற்பது பெட்டை என்றாலே அதிகம். இன்று இருநூறைத் தாண்டுகிறது. வடக்கில் பருவம் முடிந்ததும் விமானத்தில் ஏற்றி அவுஸ்திரேலியாவுக்கு, அங்கே இன்னொரு பருவம். அமெரிக்கப் பதிவாளர்கள் 140க்கு மேல் கூடாது என்று 2020இல் விதி போட்டார்கள், பண்ணைகள் வழக்குப் போட்டன, 2022இல் விதியைக் கைவிட்டார்கள். ஒரே இரத்தம் எல்லா வீட்டுக்குள்ளும் போனால் என்னவாகும் என்று சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொடுத்துப் பழகிய நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

மனிதர்களே கஷ்டப்படுகிறார்கள், இதில் குதிரைக்கு ஓய்வூதியமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அந்தப் பணத்தைக் குதிரைதானே சம்பாதித்தது. நான் வேறு யாருடைய சட்டைப் பையிலும் கை வைக்கச் சொல்லவில்லை. நெடுந்தீவில் யாரோ எப்போதோ கொண்டுவந்து விட்டுப்போன குதிரைகளின் வழிவந்தவை கோடையில் தண்ணீருக்கு அலைந்து சாகின்றன. நம் டவுனில் மான்கள் கோட்டை வாசலில் பொலித்தீனைத் தின்றுகொண்டு நிற்கின்றன. பொறுப்பான ஆள் இல்லாத மிருகத்துக்கு என்ன நடக்கும் என்று திருகோணமலைக்காரனுக்குத் தெரியும்.

இது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றும் சொல்லிவிடுகிறேன். தம்பலகாமத்தில் அப்பாவிடம் ஒரு மாட்டுப் பட்டி இருந்தது. அதில் ஒரு கறுத்த நாம்பன். பட்டியில் பாதிக்கு மேல் அதன் கன்றுகள். அக்கம்பக்கத்துப் பட்டிக்காரர்களும் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டுத் திருப்பிக் கொண்டுவந்து கட்டுவார்கள், அப்பா ஒரு சதம் வாங்கமாட்டார். வெளிநாடு போக ஏஜென்டுக்குக் கட்டப் பணம் போதவில்லை. நாம்பனுக்கு வயதாகிவிட்டது, இனி என்ன பயன், அதை விற்போம் என்று சொன்னவன் நான்தான். அப்பா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் விடியக் காலையில் யாரோ வந்து லொறியில் ஏற்றினார்கள். அது அப்பாவைப் பார்த்துக்கொண்டே ஏறியது. அப்பா கயிற்றை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார், அது இன்னும் எங்கள் வீட்டுக் கோடிப்புறத்தில் தொங்குகிறது. யார் வாங்கினார்கள், எங்கே கொண்டுபோனார்கள் என்று நானும் கேட்கவில்லை.

மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், டவுன் என்று நம் பக்கத்தில் இருந்து வளைகுடாக் குதிரை லாயங்களுக்கு வேலைக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். போன இடத்தில் நீங்கள் பார்த்த குதிரையைக் கடைசியில் எங்கே அனுப்பினார்கள், என்ன வயதில், யாரிடம் கொடுத்தார்கள் என்று ஞாபகம் இருந்தால் கீழே எழுதுங்கள். குதிரையின் பெயர் தெரிந்தால் அதையும் எழுதுங்கள்.